என் படங்களில் வந்து நிற்கும் அந்தப் பெண்ணை நான் என்ன செய்வது?

கேள்வி: கரித்துண்டு

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 47 வயதாகிறது. பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். ஓவியத்தை முறையாகக் கற்றவள் அல்ல. பக்கவாதத்தால் படுத்த படுக்கையாகிவிட்ட என் அம்மாவை ஆறு ஆண்டுகள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அவர் காலமானார். அண்ணன்கள் இருவரும் வெளியூரில் இருக்கிறார்கள். அவர்கள் மாதந்தோறும் பணம் அனுப்பினார்கள், பண்டிகைகளுக்கு வந்து போனார்கள். குளிப்பாட்டுவதும், படுக்கைப்புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவதும், இரவில் மூன்று முறை எழுந்து புரட்டிப் படுக்கவைப்பதும் என் பங்காக இருந்தன. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும், இப்படி ஒரு பொறுமைசாலி மகளைப் பெற என் அம்மா கொடுத்துவைத்தவர் என்று சொல்லிச் சென்றார்கள். என்னைப் பற்றி நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

காரியங்கள் முடிந்த பிறகும் அந்த மூன்று வேளைகளிலும் எனக்குத் தவறாமல் விழிப்பு வந்தது. செய்வதற்கு ஒன்றும் இல்லாததால், பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் கரிக்கோலால் ஏதாவது வரையத் தொடங்கினேன். முதல் சில வாரங்கள் கட்டில், மருந்துப் புட்டிகள், ஜன்னல் கம்பிகள் என்று வந்தன. பிறகு ஒரு நாள் கட்டிலின் தலைமாட்டில் ஒரு பெண் வந்து நின்றாள். அவளை வரைய வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. அவள் வாய் திறந்திருக்கிறது, பற்கள் தெரிகின்றன, கட்டிலில் கிடப்பவரை அவள் பார்க்கும் பார்வையில் இரக்கம் என்பது சிறிதும் இல்லை. கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். இதுவரை 31 படங்கள் வரைந்திருக்கிறேன். அவற்றில் இருபதுக்கும் மேற்பட்டவற்றில் அவள் நிற்கிறாள்.

சென்ற மாதம் அவள் காதில் ஒரு தோட்டை வரைந்து முடித்த பிறகே அவள் யார் என்று எனக்குத் தெரிந்தது. அது நான் அணிந்திருக்கும் ஒற்றைக்கல் தோடு. அதைப் பார்த்ததும், நான்காம் ஆண்டில் ஓர் இரவு, மூன்றாவது முறையாகப் படுக்கை விரிப்பை மாற்றிவிட்டு அதே இடத்தில் நின்று, இது இன்றோடு முடிந்துவிட்டால் என்ன என்று நான் நினைத்தது நினைவுக்கு வந்தது. அந்த நினைப்பை நான் யாரிடமும் சொன்னதில்லை, என்னிடமே சொல்லிக்கொண்டதில்லை.

மனத்தில் உள்ளதை வரைந்தால் பாரம் இறங்கிவிடும் என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கோ வரைய வரைய அவள் தெளிவாகிக்கொண்டே போகிறாள். இந்தப் படங்களைக் கிழித்துப் போட்டுவிட வேண்டுமா? இல்லாத ஒரு கொடுமையை நானே உருவாக்கிக்கொண்டிருக்கிறேனா, அல்லது இருந்ததைத்தான் காண்கிறேனா? இருந்ததுதான் என்றால், அவளோடு எப்படி ஒரே வீட்டில் வாழ்வது? இவ்வகையில் எழுத்திலோ ஓவியத்திலோ தங்களைத் தாங்களே எதிர்கொண்டவர்கள் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்.

மறுமொழி: ஏரிக்கரை

வணக்கம் அம்மா. படங்களைக் கிழித்துவிட வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணத்தை விளக்கச் சற்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டிருக்கும் கேள்வியைத் தன்னிடமே கேட்டு, பதினாறு ஆண்டுகள் அதற்குப் பதில் வரைந்துகொண்டிருந்த ஒருவரைப் பற்றி நான் நெடுநாட்களாகப் படித்துவருகிறேன். சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் கார்ல் குஸ்தாவ் யுங்கைத்தான் சொல்கிறேன். 1913-இல் அவருக்கு 38 வயது. அந்த ஆண்டின் தொடக்கத்தில், உளப்பகுப்பாய்வு என்ற மனச்சிகிச்சை முறையை உருவாக்கிய ஃபிராய்டுடனான நட்பு முறிந்தது. அக்டோபரில் ரயிலில் சென்றுகொண்டிருந்தபோது, வடகடலுக்கும் ஆல்ப்ஸ் மலைக்கும் இடைப்பட்ட நிலத்தை வெள்ளம் மூடுவதையும், அந்த நீர் இரத்தமாக மாறுவதையும் விழித்திருக்கும்போதே கண்டார். பிறருடைய மனநோய்க்கு மருத்துவம் பார்த்தவர், தனக்கே அந்நோய் வரப்போகிறது என்று அஞ்சினார்.

அந்தக் காலத்தில் அவர் செய்த ஒரு செயல் எனக்கு மிகவும் பிடித்தது. சிறுவயதில் கற்களை அடுக்கி வீடு கட்டி விளையாடியது நினைவுக்கு வர, தினமும் மதிய உணவுக்குப் பிறகு சூரிச் ஏரிக்கரையில் கற்களைப் பொறுக்கிச் சிறு வீடுகளும் ஒரு தேவாலயமும் கட்டத் தொடங்கினார். நோயாளிகள் வரும் நேரம் ஆனதும் எழுந்து போய்விடுவார். குழந்தை விளையாட்டைத் தவிர வேறு வழியில்லை என்று ஒப்புக்கொள்வது தனக்கு மிகுந்த அவமானமாக இருந்தது என்று பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார். வினாத்தாளின் பின்பக்கத்தில் நீங்கள் வரைவதும் அந்தக் கற்களைப் போன்றதுதான் என்று எனக்குப் படுகிறது. கலை செய்யப்போகிறோம் என்று அமர்ந்திருந்தால் அந்தப் பெண் வந்திருக்கவே மாட்டாள்.

டிசம்பர் 12 அன்று, தன் மேசை முன் அமர்ந்து, மனத்தில் எழும் காட்சிகளைத் தடுக்காமல் அவற்றுக்குள் தன்னை விழவிட்டார். ஒரு கிழவர் வந்தார், பார்வையற்ற இளம்பெண் ஒருத்தி வந்தாள். அவர்களோடு பேசினார், வாதிட்டார், சில வேளைகளில் சினந்தார். அனைத்தையும் முதலில் கருப்பு அட்டையிட்ட குறிப்பேடுகளில் எழுதினார். பிறகு சிவப்புத் தோலால் கட்டப்பட்ட ஒரு பெரிய ஏட்டில், பழைய சுவடி எழுத்தில், வண்ண ஓவியங்களோடு படியெடுத்தார். ஏறத்தாழ 1930 வரை அந்த வேலை நீண்டது. 1961-இல் அவர் இறக்கும்வரை அது அச்சேறவில்லை. 2009-இல்தான் 'சிவப்பு நூல்' என்ற பெயரில் வெளியாயிற்று.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது, அந்த டிசம்பர் மாதத்திலேயே அவர் கண்ட ஒரு கனவு. ஜெர்மானியப் புராணத்தின் மாவீரன் சீக்ஃபிரீட்டை அவரே சுட்டுக் கொல்கிறார். விழித்தபின் தாங்க முடியாத துயரம். சீக்ஃபிரீட் என்பது, எண்ணியதை எப்படியும் சாதித்தே தீர வேண்டும் என்ற தன்னுடைய மனவுறுதியின் உருவம் என்றும், தான் பெருமையாகப் போற்றிவந்த அதைத்தான் விட வேண்டியிருக்கிறது என்றும் அவர் பொருள் கொண்டார். கவனித்துப் பாருங்கள்: அவர் இழக்க வேண்டியிருந்தது ஒரு தீயவனை அல்ல, ஒரு நாயகனை. ஊரார் உங்களுக்குச் சூட்டிய 'பொறுமைசாலி மகள்' என்ற பெயரை நீங்கள் ஆறு ஆண்டுகள் சுமந்திருக்கிறீர்கள். கட்டிலருகே நிற்பவளைப் பார்த்து நீங்கள் அஞ்சுவதைவிட, அந்தப் பொறுமைசாலி போய்விடுவாளோ என்றே அதிகம் அஞ்சுகிறீர்கள் என்று நினைக்கிறேன். யுங் 'நிழல்' என்று அழைத்தது இதைத்தான். நம்மைப் பற்றி நாமே தீட்டிவைத்திருக்கும் சித்திரத்தில் இடம் கிடைக்காதவை எல்லாம் ஒதுங்கி நிற்கும் இடம் அது. கெட்டவை மட்டும் அங்கே ஒதுங்குவதில்லை. களைப்பும் ஆசையும் நியாயமான கோபமும்கூட அங்கேதான் போய்ச் சேர்கின்றன.

இன்னொரு செய்தி. அவர் எழுதிக்கொண்டிருந்தபோது, இது கலை என்று ஒரு பெண்குரல் உள்ளே சொன்னது. அவர் அதை உறுதியாக மறுத்தார். கலை என்று ஏற்றுக்கொண்டால், திரைப்படம் பார்ப்பவரைப் போல வெறுமனே பார்த்திருந்துவிட்டு, கண்டவற்றுக்குத் தான் பொறுப்பேற்காமல் போய்விடுவோம் என்பது அவர் அச்சம். ஆகவே படம் நன்றாக வந்திருக்கிறதா என்று ஆராயாதீர்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். கேட்டு, மனத்தில் வரும் பதிலைத் திருத்தாமல் அதே தாளின் அடியில் எழுதிவையுங்கள்.

நூலின் பெயரோடு நிறுத்திக்கொள்பவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. இத்தனைக்கும் நடுவில் அவர் நோயாளிகளைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. தனக்கு மனைவியும் ஐந்து பிள்ளைகளும் இருக்கிறார்கள், குஸ்நாக்ட் ஊரில் ஏரிச்சாலையில் 228-ஆம் எண் வீட்டில் தான் வசிக்கிறேன் என்பவையே தன்னைத் தரையில் நிறுத்திவைத்தன என்று அவர் கூறுகிறார். காலையில் உங்களுக்காக வகுப்பு காத்திருக்கிறது, பிள்ளைகள் நோட்டோடு வந்து நிற்பார்கள். அதை ஒரு நாளும் விட்டுவிடாதீர்கள்.

மறுமொழி: நெல்லிமரம்

சகோதரிக்கு வணக்கம். மேலே ஐயா எழுதியதை மதிக்கிறேன். ஆனாலும் எனக்கு ஓர் ஐயம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. கோபத்தை மறுபடியும் மறுபடியும் வரைந்தால் அது வளராதா? என் தந்தை இறந்த பிறகு, அவரிடம் நான் பட்ட அடிகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். ஓராண்டு எழுதிய பின்பும் அதே நான்கு நிகழ்ச்சிகளைத்தான், இன்னும் கூர்மையான சொற்களில், எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டில் என் மகனிடம் எரிந்து விழுவதும் கூடியது. ஒரு நாள் நோட்டை மூடிப் பரணில் போட்டுவிட்டேன், அமைதி கிடைத்தது. இறந்துபோன தாயைப் பற்றிய ஒரு நொடி நினைப்பை இப்படிப் பெரிதாக்கத்தான் வேண்டுமா? அந்த இரவு நீங்கள் நினைத்ததையும் ஆறு ஆண்டுகள் செய்ததையும் தராசில் வைத்துப் பாருங்கள் என்பதே நான் சொல்ல விரும்புவது. புண்படுத்தும்படி எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள்.

மறுமொழி: செய்யாற்றங்கரை

அம்மாவுக்கும் நெல்லிமரம் ஐயாவுக்கும் வணக்கம். புத்தகங்களில் படித்ததை அல்ல, எங்கள் வீட்டில் கண்டதை எழுதுகிறேன்.

என் அப்பா விவசாயி. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும் என்பது வடமாவட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். அப்பா ஒரு ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் துச்சாதனன் வேடம் கட்டினார். வீட்டில் குரலை உயர்த்திப் பேசாதவர். மாட்டைக்கூட அடிக்க மாட்டார். அப்படிப்பட்டவர் அரிதாரம் பூசி, கிரீடமும் புஜக்கட்டைகளும் கட்டிக்கொண்டு, திரைக்குப் பின்னால் நின்று குரல் எழுப்பும்போது, அது அப்பா என்று தெரிந்திருந்தும் நான் பாட்டியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

துகில் உரியும் இரவில், சேலையில் கைவைப்பதற்கு முன் கூத்து ஒரு கணம் நிற்கும். கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதனன் வேடக்காரர், திரௌபதி வேடம் கட்டியவரை அம்மனாகவே வணங்கி, தான் செய்யப்போவதற்கு மன்னிப்புக் கேட்பார். அதற்குப் பிறகுதான் இழுப்பார். இழுக்கும்போது பாதி மனத்தோடு இழுக்கக் கூடாது. ஒரு முறை இளைஞர் ஒருவர் கூச்சப்பட்டு அந்த இடத்தை மென்மையாக ஆடிவிட்டார். விடிந்ததும் வாத்தியார் அவரைக் கடிந்துகொண்டதை நானே கேட்டேன். துச்சாதனன் அரைகுறையாக நின்றால் அம்மனின் சபதத்துக்கு என்ன வேலை, படுகளத்தில் கூந்தலை எதற்காக முடிய வேண்டும் என்று கேட்டார். பதினெட்டாம் நாள் போர் முடியும் காலையில், மண்ணால் செய்து கிடத்தியிருக்கும் அந்தப் பெரிய துரியோதனன் உருவத்தின் அருகே அம்மன் கூந்தல் முடிவதைக் கண்டவர்களுக்கு அவர் கேட்டதன் நியாயம் புரியும்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அப்பாவிடம் கேட்டேன்: அந்தக் கற்பூரம் அம்மன் கோபித்துக்கொள்வாள் என்பதற்காகவா? அவர் தேங்காய் எண்ணெயால் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நான் இழுக்கும்போது ஜனங்கள் பயப்படுவார்கள் அல்லவா, அது எனக்குப் பிடித்திருக்கிறது, அதற்காக" என்றார். பெரியப்பா எங்கள் நிலத்தில் பாதியை ஏமாற்றி எழுதிக்கொண்டபோது அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை என்பதும், அந்த ஆண்டுதான் அவர் முதன்முதலாகத் துச்சாதனன் கட்டினார் என்பதும் எனக்குப் பிற்காலத்தில் அம்மா சொல்லித் தெரிந்தது.

நெல்லிமரம் ஐயாவின் ஐயத்துக்கு என் பதில் இதிலேயே இருக்கிறது. கூத்தில் அந்தக் கோபத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு, திரை உண்டு. முன்னால் கற்பூரம், பின்னால் எண்ணெய். எதிரில் திரௌபதியும் இருக்கிறாள், அவளும் பேசுகிறாள். உங்கள் நோட்டில் நீங்கள் ஒருவரே பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று தோன்றுகிறது ஐயா, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேள்வி கேட்ட அம்மா, நீங்கள் வரைய அமரும்போது ஒரு விளக்கை ஏற்றி வையுங்கள், முடித்ததும் கரி படிந்த கையைக் கழுவிவிட்டு விளக்கை அணையுங்கள். சடங்கு என்று யாரேனும் எள்ளினால் எள்ளட்டும். எங்கள் வீட்டில் அது பலித்தது.

மறுமொழி: சுடுமண்

தோழி, நான் களிமண்ணிலும் துணியிலும் வேலை செய்பவள்; கல்லூரியில் சிற்பம் சொல்லித்தந்தும் இருக்கிறேன். உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் வேறு. அதற்கு முன் ஒரு கலைஞரை நினைவுபடுத்துகிறேன்.

லூயிஸ் பூர்ஷ்வா 1911-இல் பாரிஸில் பிறந்தவர். நூலால் உருவங்கள் நெய்யப்பட்ட பழைய திரைச்சீலைகளைப் பழுதுபார்ப்பது அவருடைய குடும்பத் தொழில். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்த பெண், ஆண்டுக்கணக்கில் அதே வீட்டில் தந்தையின் காதலியாகவும் இருந்தார். அம்மாவுக்கு அது தெரியும். தெரியாததுபோல் அவர் தைத்துக்கொண்டிருந்தார். லூயிஸ் தன் தந்தையின் மீது கொண்ட சினம் ஒரு முழு ஆக்கமாக உருப்பெற்றது 1974-இல், அவர் அறுபது வயதைக் கடந்த பிறகு. குகை போன்ற ஓர் அறை, சிவப்பு வெளிச்சம், நடுவில் மேசையோ கட்டிலோ என்று சொல்ல முடியாத ஒன்று, அதன்மேல் இறைச்சித் துண்டங்களை அச்செடுத்து வார்த்த உருவங்கள். இரவு உணவின்போது தற்பெருமை பேசிக்கொண்டே இருக்கும் தந்தையைப் பிள்ளைகள் மேசைமீது இழுத்துப்போட்டுத் தின்றுவிடுகிறார்கள் என்ற சிறுவயதுக் கற்பனைதான் அது. 'தந்தையின் அழிப்பு' என்றே அதற்குப் பெயரிட்டார். பார்க்க இனிமையான படைப்பு அல்ல. ஆனால் அதில் ஒரு பொய்யும் இல்லை.

அதே கை 1999-இல் ஒன்பது மீட்டருக்கும் அதிக உயரமுள்ள ஒரு சிலந்தியைச் செய்து, அதன் வயிற்றில் சலவைக்கல் முட்டைகளை வைத்து, பிரெஞ்சு மொழியில் 'அம்மா' என்று பெயரிட்டது. ஊசியும் நூலுமாக வாழ்ந்த தன் தாய்க்கு அவர் செய்த வணக்கம் அது. 1951-இல் தந்தை இறந்த பின் அவர் உளப்பகுப்பாய்வுக்குச் செல்லத் தொடங்கி, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்தார். 2010-இல், தம் 98-ஆம் வயதில் இறக்கும்வரை வேலை செய்துகொண்டே இருந்தார். ஒரு படத்தோடு எதுவும் தீர்ந்துவிடவில்லை. ஆகவே 31 படங்களில் தீரவில்லையே என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை.

வேலை செய்பவள் என்ற முறையில் சில சொல்கிறேன். வினாத்தாளை விட்டுவிட்டு ஒரு முறையாவது பெரிய தாளில், நின்றுகொண்டு, தோளிலிருந்து கை வீசி வரையுங்கள். ஒவ்வொரு படத்திலும் தேதியும் நேரமும் எழுதுங்கள். அண்ணன்களிடம் காட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஒரு டிரங்குப் பெட்டியில் பூட்டி வைப்பதும் நேர்மையான செயல்தான். கட்டிலில் இருப்பவரின் முகத்தை ஒரு படத்திலாவது வரைந்தீர்களா? அந்த முகத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

என் கண் நின்ற இடத்துக்கு வருகிறேன். இருபது படங்களுக்கும் மேலாக அந்தப் பெண் கைகளைப் பின்னால் மறைத்திருக்கிறாள். கை வரைவது கடினம் என்பதால் மறைக்கும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்குக் காரணம் அதுவல்ல என்று நினைக்கிறேன். அவள் கையில் என்ன வைத்திருக்கிறாள்?

மறுமொழி: மனநலப் பணியாளர்

வணக்கம். மருத்துவமனை ஒன்றில் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். நெல்லிமரம் ஐயாவின் அனுபவத்துக்கு ஆய்வுச் சான்று உண்டு என்பதைச் சொல்வது என் கடமை. உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தங்களைச் சினமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் குறையவில்லை. ஒன்றும் செய்யாமல் சிறிது நேரம் அமர்ந்திருந்தவர்களைவிட அவர்களிடமே கோபம் மிகுதியாகக் காணப்பட்டது. ஆகவே, கொட்டித் தீர்த்துவிட்டால் காலியாகிவிடும் என்ற நம்பிக்கையோடு வரைவது பயன் தராமல் போகலாம். ஆனால் அம்மையார் செய்துகொண்டிருப்பது கொட்டுவது அல்ல என்று கருதுகிறேன். அவர் அந்தத் தோட்டைக் கண்டுகொண்டார். கண்டுகொள்வது வேறு, குத்துவது வேறு.

இந்த வேறுபாட்டை வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்த மருத்துவர் ஒருவர் பிரேசிலில் இருந்தார். நீசி டா சில்வெய்ரா என்பது அவர் பெயர். ரியோ டி ஜெனிரோவின் எங்கென்யோ டி டென்ட்ரோ பகுதியில் இருந்த மனநல மருத்துவமனையில், மின்னதிர்ச்சி கொடுக்க மறுத்ததால், யாரும் விரும்பாத தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவை ஏற்றுக்கொண்டார். 1946-இல் அங்கே ஓர் ஓவியக்கூடத்தைத் திறந்தார். நோயாளிகள் வரைந்தவற்றைக் காக்க 1952-இல் ஓர் அருங்காட்சியகத்தையும் நிறுவினார். அவர்களில் பலர் வட்ட வடிவங்களை வரைந்துகொண்டே இருப்பதைக் கண்டு, அத்தகைய வடிவங்களைப் பற்றி எழுதியிருந்த யுங்குக்குக் கடிதம் எழுதினார். 1957-இல் சூரிச்சில் அந்தப் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது யுங்கே வந்து பார்த்தார்.

அந்தக் கூடத்துக்கு வந்தவர்களில் அடெலினா கோமஸ் என்ற பெண் ஒருவர். எளிய குடும்பத்தில் பிறந்து, தாயின் சொல்லுக்கு முற்றிலும் கட்டுப்பட்டு வளர்ந்தவர். அவர் விரும்பியவரைத் தாய் ஏற்கவில்லை; அவரும் பணிந்தார். பணிந்த பிறகு, வீட்டில் எல்லோரும் செல்லமாக வளர்த்த பூனையை ஒரு நாள் கழுத்தை நெரித்துக் கொன்றார். 1937-இல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஓவியக்கூடத்தில் அவர் முதலில் களிமண்ணில் பிசைந்தது, அச்சமூட்டும் பெரிய தாய் உருவங்களை. பிறகு மெல்ல மெல்ல, பூவாக மாறும் பெண்களை வரைந்தார். நீசி அந்தப் படங்களைத் திருத்தவும் இல்லை, ஓவியப் பாடம் நடத்தவும் இல்லை. கூடவே ஒருவர் அன்போடு இருக்க வேண்டும் என்பதையே அவர் முதன்மையாகக் கருதினார்.

அந்த ஒருவர் அம்மையாருக்கு இருக்கிறாரா என்பதுதான் எனக்குள்ள கவலை. நீண்டகாலம் நோயாளியைப் பராமரித்தவர்களுக்கு, இது முடிந்துவிட்டால் போதும் என்ற எண்ணம் வருவதை நான் பணியில் அடிக்கடி கேட்கிறேன். அன்பில்லாதவர்கள் அல்ல, அருகிலேயே இருந்தவர்கள்தான் அதைச் சொல்கிறார்கள். அதற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினாலோ, உறக்கமின்மை தொடர்ந்து பகல் வேலையைப் பாதித்தாலோ, நீங்கள் விழித்திருக்கும்போதும் படத்திலுள்ள பெண் உங்களிடம் பேசத் தொடங்கினாலோ, தயங்காமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். படங்களையும் எடுத்துச் செல்லுங்கள், வாயால் சொல்ல முடியாததை அவை சொல்லிவிடும்.

மறுமொழி: நெல்லிமரம்

செய்யாற்றங்கரை ஐயா, தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. நேற்றிரவு அந்த நோட்டைப் பரணிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது உண்மை. அதில் என் தந்தை ஓர் இடத்தில்கூடப் பேசவில்லை. அவர் என்ன சொல்வார் என்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் பேசினார். தொடர்ந்து எழுதுவேனா என்று இப்போது சொல்ல இயலவில்லை.

மறுமொழி: கரித்துண்டு

அனைவருக்கும் என் நன்றி. பதில் எழுத இரண்டு வாரங்கள் ஆகிவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள். இதற்கிடையில் ஓர் ஆலோசகரை ஒரு முறை சந்தித்தேன். அடுத்த வாரம் மீண்டும் செல்கிறேன். என் சக ஆசிரியை ஒருவரிடம் அந்த நான்காம் ஆண்டு இரவைப் பற்றிச் சொன்னேன். அவர் மாமியாரைப் பார்த்துக்கொண்டவர். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து தன்னுடைய இரவைச் சொன்னார்.

ஏரிக்கரை ஐயா சொன்னபடி, உனக்கு என்ன வேண்டும் என்று அவளிடம் கேட்டு எழுதினேன். பெரிய பதில் எதையோ எதிர்பார்த்து அமர்ந்திருந்தேன். தூங்க வேண்டும் என்று எழுதினாள். மறுநாளும் அதையே எழுதினாள். மூன்றாம் நாள், அண்ணன்கள் பண்டிகைக்கு வந்தபோது அம்மா அவர்களைப் பார்த்துச் சிரித்ததைப் பற்றி எழுதினாள்; அது இரண்டு பக்கம் வந்தது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் கை நடுங்கவில்லை.

விளக்கை ஏற்றி வைத்துத்தான் அமர்கிறேன். சுடுமண் தோழி கேட்டபடி அம்மாவின் முகத்தையும் வரைந்தேன். பக்கவாதத்தால் கோணிய வாயை இத்தனை நாளும் வரையாமல் விட்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் என்னைப் பார்ப்பதுபோல வந்திருக்கிறது. எந்தக் குற்றச்சாட்டும் இல்லை, அன்பு என்றும் சொல்ல முடியவில்லை, வெறுமனே பார்க்கிறார். அவர் பார்வை உண்மையில் அப்படித்தான் இருந்தது.

கைகளை நேற்று வரைந்தேன். தலையணையாக இருக்குமோ என்ற பயத்தில்தான் இவ்வளவு காலம் தள்ளிப்போட்டிருக்கிறேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அவளை அப்படியே பக்கவாட்டில் திருப்பி, பெரிய தாளில், நின்றுகொண்டு வரைந்தேன். வலது கையில் கஞ்சிக் கரண்டி இருந்தது. விரல்களில் சோப்பும் கிருமிநாசினியும் பட்டுத் தோல் உரிந்திருந்தது; எனக்கு அப்படித்தான் உரிந்திருந்தது. இடது கை முட்டியாக மூடியிருக்கிறது. அதைத் திறந்து வரையப் பலமுறை முயன்றேன். அழித்து அழித்துத் தாளே அந்த இடத்தில் மெலிந்துவிட்டது. பிறகு முயலவில்லை. மூடிய கையோடே தேதியும் நேரமும் எழுதி, கரியைக் கழுவிவிட்டு, விளக்கை அணைத்தேன்.